சுருதி எங்கே இறங்கியது? ஒரு பள்ளி கொயரின் பாட்டை மறுபடி கேட்டபோது

நிகழ்வு

பள்ளிகளுக்கு இடையிலான பாட்டுப் போட்டி ஒன்றில் மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். காலையில் இரண்டாவதாக மேடையேறிய கொயரில், அதாவது சேர்ந்து பாடும் குழுவில், 38 பேர் இருந்தார்கள். பெண்களில் மேல் குரலான சோப்ரானோ 14, கீழ் குரலான ஆல்ட்டோ 12, பையன்களில் மேல் குரலான டெனார் 5, கீழ் குரலான பேஸ் 7. எல்லோரும் பதினான்கு முதல் பதினேழு வயதுக்குள். முதல் பாட்டு வாத்தியம் எதுவும் இல்லாமல் நான்கு குரலில், எஃப் ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்ட எஃப் மேஜரில், நிதானமான நடையில், ஏறக்குறைய நான்கு நிமிடம். இரண்டாவது பாட்டுக்குப் பியானோ உண்டு. அதுவும் எஃப் மேஜர்தான்.

முதல் பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கியதும் பியானோ தன் முதல் கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டை, வாசித்தது. பிள்ளைகள் முடித்த இடத்துக்கும் பியானோ தொடங்கிய இடத்துக்கும் நடுவே ஏறக்குறைய அரை ஸ்வரம், அதாவது பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள அளவு, இடைவெளி. அரங்கில் இசை தெரியாதவர்களுக்கும் அது கேட்டது. முன்வரிசையில் நின்ற ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் சோப்ரானோ.

மதிப்பெண் தாளில் நான் எழுதியது இது: "சோப்ரானோ தொடர்ந்து சுருதி இறங்குகிறது, காது கொடுத்துப் பாடவும். ஒலியில் காற்று கலந்திருக்கிறது, மூச்சில் பிடிமானம் போதாது. ஆல்ட்டோ மூன்றாம் ஸ்வரம் தாழ்வு. டெனார் பலவீனம்."

போட்டி முடிந்த பிறகு கொயர் டீச்சர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். கோபமாக வரவில்லை. "சார், சோப்ரானோ இறங்குதுன்னு எழுதியிருக்கீங்க. எந்த மெஷர்ல ஆரம்பிக்குதுன்னு சொன்னீங்கன்னா அங்க உக்காந்து வேலை பார்ப்பேன்" என்றார். மெஷர் என்றால் எழுதிய இசைத்தாளில் (ஸ்கோரில்) கோடு போட்டுப் பிரித்த ஒரு தாளக் கட்டம். என்னிடம் பதில் இல்லை. இறங்கியது தெரியும், எங்கே இறங்கியது என்று தெரியாது. அவர்களிடம் இருந்த ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த சில வாரங்களில் அந்தப் பதிவிலும், பிறகு அவர்களுடைய ஒத்திகை அறையிலும் கண்டதுதான் இந்த ஆய்வு. நான் எழுதிய நான்கு குறிப்புகளில் இரண்டு தவறு, ஒன்று பாதி உண்மை, மற்றொன்று உண்மைதான் என்றாலும் யாருக்கும் உதவாது என்பது கடைசியில் தெரிந்தது.

பதிவைக் கேட்ட விதம்

முதல் தடவை பேனாவைத் தொடாமல், நிறுத்தாமல், முழுப் பாட்டையும் கேட்டேன். இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். மேடைக்கு எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டே கேட்கும்போது, ஒரு குறிப்பை எழுதி முடிப்பதற்குள் நாலைந்து மெஷர் ஓடிவிடும். அந்த இடங்களில் என்ன நடந்தது என்று நடுவருக்குத் தெரியாது. ஆனால் மதிப்பெண் அவற்றுக்கும் சேர்த்துத்தான் விழுகிறது.

இரண்டாவது தடவை ஒவ்வொரு வரியின் முடிவிலும் நிறுத்தி, அங்கே நிற்கும் கார்டின் ஆதார ஸ்வரம் எங்கே இருக்கிறது என்று சுருதியை அளந்து காட்டும் ட்யூனரில் பார்த்தேன். பதினொரு வரிகள், பதினொரு அளவுகள். ஓர் அரை ஸ்வரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். பல குரல்கள் கலந்த பதிவில் இந்த அளவு ஐந்தாறு சென்ட் முன்னே பின்னே இருக்கலாம். ஆனாலும் படம் தெளிவாகக் கிடைத்தது. முதல் இரண்டு வரிகளில் சுருதி அசையவே இல்லை. மூன்றாம் வரியில் சுமார் 25 சென்ட் இறங்கி, அங்கேயே நின்றது. ஆறாம் வரியில் இன்னும் 45. ஒன்பதாம் வரியில் இன்னும் 20. மொத்தம் 90 சென்ட்.

"தொடர்ந்து இறங்குகிறது" என்று நான் எழுதியது இந்த இடத்திலேயே பொய்யாகிவிட்டது. காது மந்தமாக இருந்தாலோ, குழு முழுக்கக் களைத்துப்போயிருந்தாலோ இறக்கம் சறுக்குமரம் போல இருந்திருக்கும். இது படிக்கட்டு. மூன்று படி, நடுவில் சமதளம். இறங்கிய பிறகு அந்தப் புதிய இடத்தை அவ்வளவு திடமாகப் பிடித்து நிற்கிற குழுவிடம் "காது கொடுத்துப் பாடுங்கள்" என்று சொல்வது நியாயமே இல்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுத்தான் பாடினார்கள். யாரோ இழுத்த பக்கம் எல்லோரும் சேர்ந்தே போனார்கள். அப்படியானால் முதலில் இழுத்தது யார்?

ஒரே மைக்கில் பதிந்த ஒலியில் இதற்கு விடை கிடைக்காது. நான்கு குரலும் ஒன்றாகக் கலந்திருக்கும், அதில் மேலே மிதப்பது சோப்ரானோ. மேல் வரியில்தான் மெட்டு இருக்கிறது, காது அதைப் பின்தொடர்ந்தே போகிறது. அதனால் எது கெட்டாலும் அங்கே கெட்டதாகத்தான் கேட்கும். கூரை ஒழுகுகிற இடமும் ஓடு உடைந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

ஒத்திகை அறையில்: இரண்டு இரண்டு குரலாக

டீச்சர் ஒரு மாலை ஒத்திகைக்கு வரச் சொன்னார். மூன்று படிகளுக்கும் உரிய வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, குரல்களை இரண்டு இரண்டாகப் பாடவைத்தோம். சோப்ரானோவும் ஆல்ட்டோவும் சேர்ந்து பாடினால் மூன்று இடங்களில் முதல் இரண்டிலும் சுருதி நின்றது. சோப்ரானோவும் டெனாரும் சேர்ந்தபோது ஆறாம் வரியில் விழுந்தது. பேஸைத் தனியாகப் பாடச் சொன்னால் மூன்றாம் வரியில் தனியாகவே விழுந்தது. இருபது நிமிட வேலை. மூன்று நடுவர்கள் ஒரு காலை முழுக்க உட்கார்ந்து கண்டுபிடிக்காதது இந்த இருபது நிமிடத்தில் வெளியே வந்தது.

மூன்றாம் வரியில், ஒன்பதாம் மெஷரிலிருந்து, பேஸுக்கு ஒரே ஸ்வரம் ஏழு முறை வருகிறது. நடு சி-க்கு, அதாவது பியானோவின் நடுவிலுள்ள சி-க்கு, ஒரு ஸ்தாயி கீழே உள்ள சி. ஸ்கோரில் பார்த்தால் இதைவிடச் சுலபமான இடம் வேறு இல்லை. அதனாலேயே அதை யாரும் பயிற்சி செய்யவில்லை. ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும்போது ஒவ்வொரு அசைக்கும் குரல் மறுபடி தொடங்குகிறது. ஒவ்வொரு தொடக்கத்திலும் மூச்சின் அழுத்தம் துளி குறைந்தால் ஸ்வரம் துளி கீழே விழும். ஒரு முறைக்கு மூன்று நான்கு சென்ட்தான், தனியாகக் கேட்டால் எந்தக் காதுக்கும் தெரியாது. ஏழு முறையில் அது கால் ஸ்வரத்தில் பாதி. பேஸ் கீழே போனால் அதன்மேல் நிற்கிற மற்ற மூன்று குரலும் போகத்தான் வேண்டும். அவர்களுக்கு அதுதான் தரை.

ஆறாம் வரிதான் இந்த நிகழ்வின் மையம். அங்கே டெனார் வரி மேலே ஏறி நடு சி-க்கு மேலுள்ள எஃபைத் தொட்டு நான்கு தாளம் நிற்கிறது. அதே நேரத்தில் சோப்ரானோ ஒரு ஸ்தாயி மேலே அதே எஃபில் நிற்கிறது. ஐந்து பையன்களில் இருவருக்கு மகரக்கட்டு அப்போதுதான் உடைந்துகொண்டிருந்தது. ஒருவனுக்குப் பேச்சுக்குரல் இன்னும் நிலைகொள்ளவில்லை. மூன்று பேர் தாடையைத் தூக்கி, கழுத்து நரம்பு புடைக்க, கத்தித்தான் அந்த எஃபை எட்டினார்கள். எட்டியும் முழுதாக எட்டவில்லை, முப்பது நாற்பது சென்ட் கீழேயே நின்றது. அழுத்திப் பாடுகிற குரல் சத்தமாகவும் இருக்கும். ஒரு ஸ்தாயி இடைவெளியில் இரண்டு குரல் விலகி நிற்பதைக் காது தாங்காது, யாராவது ஒருவர் நகர்ந்தாக வேண்டும். பையன்களால் மேலே வர முடியவில்லை. எனவே பெண்கள் கீழே இறங்கி வந்தார்கள். சுருதி தெரிந்ததால்தான் இறங்கினார்கள். அதற்குத்தான் நான் "காது கொடுத்துப் பாடவும்" என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

இதை எழுதும்போதும் அந்தக் கண் மூடிய பெண்ணின் முகம் நினைவுக்கு வருகிறது.

உடைகிற குரலை எப்படி மதிப்பிடுவது

உயர்நிலைப் பள்ளி கொயரைப் பெரியவர்களின் கொயர் போலக் கேட்பதுதான் நடுவர்கள் செய்கிற பெரிய பிழை என்று நினைக்கிறேன். பையன்களின் குரல்நாண்கள் இந்த வயதில் நீண்டு தடிக்கின்றன, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்குகிறது. குரல் ஆய்வாளர் ஜான் கூக்ஸி 1970-களில் இந்த மாற்றத்தைப் படிப்படியாக வகைப்படுத்தினார். ஒவ்வொரு படியிலும் வசதியாகப் பாடக்கூடிய எல்லை எவ்வளவு குறுகலானது என்பது அந்த வகைப்பாட்டில் தெரியும். நான்கு குரலுக்கு எழுதிய சாதாரண ஸ்கோரில் டெனாருக்கும் பேஸுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிற பையன்கள் எல்லாக் கொயரிலும் இருக்கிறார்கள். அவர்கள் வசதியாகப் பாடும் ஐந்தாறு ஸ்வரம் டெனார் வரிக்குக் கீழே, பேஸ் வரிக்கு மேலே இருக்கும். குரல் கட்டையாகிவிட்டதால் பேஸில் நிறுத்தப்பட்டு, கீழ் ஸ்வரம் வராமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளையை நான் பல மேடைகளில் பார்த்திருக்கிறேன்.

பெண்களின் குரலும் மாறுகிறது என்பது இன்னும் பலருக்குத் தெரிவதில்லை. இறக்கம் குறைவு, ஏறக்குறைய மூன்று நான்கு அரை ஸ்வரம். ஆனால் வளரும் வயதில் குரல்நாண்கள் பின்பக்கம் முழுதாக மூடாமல் சிறு இடைவெளி விட்டு அதிர்வது சாதாரணம். அந்த இடைவெளி வழியாகக் காற்று கசிகிறது. லின் கேக்கிள் இளம்பெண்களின் குரல் மாற்றத்தை ஆராய்ந்து இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஆக, "ஒலியில் காற்று கலந்திருக்கிறது" என்று நான் எழுதியது கேட்ட அளவில் சரி. "மூச்சில் பிடிமானம் போதாது" என்று காரணம் சொன்னது பாதிதான் சரி.

எவ்வளவு வளர்ச்சி, எவ்வளவு பழக்கம் என்று பிரித்துப் பார்க்க அன்று மாலை ஒரு சோதனை செய்தோம். சோப்ரானோக்களை உதட்டைப் படபடவென்று அதிரவிட்டு ஐந்து ஸ்வரம் ஏறி இறங்கச் சொல்லி, உடனே அதே ஸ்வரங்களை "ஆ" என்று பாடவைத்தோம். சிலருக்கு அந்த "ஆ" சட்டென்று மணி போலத் தெளிந்தது, இரண்டு வரி கழித்து மறுபடி காற்று சேர்ந்துகொண்டது. அவர்களுக்குப் பயிற்சியால் முன்னேற இடம் இருக்கிறது. நாலைந்து பேருக்கு எதற்கும் மாறவில்லை. அவர்களைச் சத்தம் கூட்டச் சொன்னால் தொண்டையை இறுக்கித்தான் கூட்டுவார்கள். அது தீங்கு. அவர்களுக்கு வேண்டியது காலம். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் நீங்காத கரகரப்பு இருந்தால் மட்டும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று டீச்சரிடம் சொல்லிவைத்தேன்.

ஆல்ட்டோவின் மூன்றாம் ஸ்வரம்

இது முழுக்க என் தவறு. ஆல்ட்டோ நன்றாகப் பாடியதைத்தான் நான் குறையாக எழுதியிருந்தேன்.

பாட்டின் நிலைக் கார்ட் எஃப், ஏ, சி. அதில் மூன்றாம் ஸ்வரமான ஏ ஆல்ட்டோவுக்கு. பியானோவில் அந்த ஏ 440 ஹெர்ட்ஸ். எஃப் 349.23. வாத்தியம் இல்லாமல் பாடும் குரல்கள் பியானோவின் சம இடைவெளிகளுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. மேஜர் மூன்றாம் ஸ்வரம் ஆதார ஸ்வரத்தோடு ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் நிற்கும்போதுதான் கார்ட் அலையடிக்காமல் உறைகிறது. 349.23-ஐ ஐந்தால் பெருக்கி நான்கால் வகுத்தால் 436.5. பியானோவின் ஏ-யைவிட மூன்றரை ஹெர்ட்ஸ், அதாவது 14 சென்ட், கீழே. தம்பூராவின் ஆதாரத் தந்தியில் தானாகக் கேட்கும் அந்தர காந்தாரம் இதுதான். காலையிலிருந்து பியானோவுக்குப் பழகிய என் காதுக்கு அது தாழ்வாகப் பட்டிருக்கிறது. பதிவின் முதல் வரி முடிவைத் திரும்பக் கேட்டால் கார்ட் பாறை மாதிரி நிற்கிறது. பாட்டிலேயே சுத்தமான இடம் அதுதான். அதைப் பாடியவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்தது "தாழ்வு".

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒவ்வொரு கார்டையும் இப்படிச் சுத்தமாகப் பாடிக்கொண்டே போனால், சில கார்ட் வரிசைகளில் சுற்றி வந்து பழைய இடத்தைத் தொடும்போது சுருதி 21 சென்ட்டுக்குச் சற்று அதிகமாக விலகியிருக்கும். யாரும் தவறு செய்யாமலே இறங்கும். பெனெடெட்டி என்ற இத்தாலியக் கணித அறிஞர் 16-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார், அவருடைய கடிதங்கள் 1585-இல் அச்சாயின. நம் பாட்டின் ஒன்பதாம் வரி இறக்கம் 20 சென்ட் என்றதும் எனக்கு உடனே இந்த நினைப்புதான் வந்தது. ஆனால் அந்த வரியில் அப்படிப்பட்ட கார்ட் வரிசை இல்லை. அங்கே காரணம் எளியது. எட்டாம் வரி நீளம், எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினார்கள், வாங்கியது போதவில்லை, அடுத்த வரியின் முதல் ஸ்வரம் தளர்ந்து விழுந்தது.

நின்ற இடமும் உச்சரிப்பும்

மேடையில் டெனார் ஐந்து பேரும் பின்வரிசையின் ஓரத்தில், பேஸுக்கும் சுவருக்கும் நடுவே நின்றிருந்தார்கள். தோளோடு தோள் உரசி. தன் குரல் தனக்குக் கேட்காவிட்டால் மனிதன் தானாகவே சத்தத்தைக் கூட்டுகிறான். எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் எழுதிய இந்த இயல்பு கொயரில் தினம் தினம் நடக்கிறது. ஸ்டென் தெர்ன்ஸ்ட்ரோம் தன் ஆய்வுகளில் அளந்து பார்த்ததும் இதுதான்: பாடுகிறவருக்குத் தன் குரலும் மற்றவர் குரலும் எந்த விகிதத்தில் கேட்கிறது என்பது. ஜேம்ஸ் டாக்ஹர்ட்டியின் சோதனைகளில் பாடகர்கள் நெருக்கத்தைவிட இடைவெளி விட்டு நிற்பதையே விரும்பினார்கள். அந்த ஒத்திகையில் டெனாரை முன்னே நடுவில் கொண்டுவந்து, ஆளுக்கு ஆள் அரைக் கை இடைவெளி விட்டோம். வேறு எதுவும் சொல்லவில்லை. முதல் தடவையிலேயே அவர்கள் கத்துவது குறைந்தது. "சார், இப்பதான் நான் பாடறது எனக்கே கேக்குது" என்றான் அவர்களில் ஒருவன். "டெனார் பலவீனம்" என்ற என் குறிப்பு இவனுக்கு என்ன செய்திருக்கும்?

உச்சரிப்பில் பெரிய குறை இல்லை, ஓர் இடம் தவிர. நான்காம் வரி "ஐ" ஓசையில் முடிந்து நான்கு தாளம் நீள்கிறது. ஐ என்பது அகரமும் இகரமும் சேர்ந்தது. நீட்டும்போது அகரத்தில் நின்று, விடும் நொடியில்தான் இகரத்தைத் தொட வேண்டும். பாதிப் பேர் இரண்டாம் தாளத்திலேயே இகரத்துக்குப் போய்விட்டார்கள். ஸ்வரம் ஒன்றுதான், ஆனால் இகரத்தின் ஒலி வெளிச்சமானது, அகரத்தினுடையது இருண்டது. இரண்டும் கலந்தால் சுருதி பிசகியது போலவே கேட்கும். மேடையில் இதையும் நான் சுருதிக் கணக்கில்தான் சேர்த்திருந்தேன். ட்யூனர் அந்த வரியில் எந்த இறக்கமும் காட்டவில்லை.

மதிப்பெண் தாளின் அமைப்பே இதற்கு இடம் கொடுக்கிறது. ஒலித்தரம், சுருதி, சமநிலை, இழைவு, லயம், உச்சரிப்பு, மூச்சும் நுட்பமும், பாவம் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. குரல்கள் அப்படிக் கட்டம் கட்டிப் பழுதாவதில்லை. ஐந்து பையன்களின் ஒரு சிரமம் இந்தக் குழுவுக்குச் சுருதியில், சமநிலையில், ஒலித்தரத்தில், நுட்பத்தில் என்று நான்கு இடத்தில் மதிப்பெண் குறைத்தது. ஒரே குற்றத்துக்கு நான்கு தண்டனை.

கண்ணும் இதில் கூட்டு. சியா-ஜுங் சாய் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மேற்கத்திய செவ்வியல் இசைப் போட்டிகளின் ஒலியில்லாக் காணொளியை மட்டும் பார்த்தவர்கள், ஒலியை மட்டும் கேட்டவர்களைவிட நன்றாக வெற்றியாளரைச் சொன்னார்கள். இசை பயின்றவர்களும்தான். நான் சோப்ரானோவைக் குற்றம் சொன்னதற்கு அவர்கள் முன்வரிசையில் நின்றதும் ஒரு காரணமாக இருக்கலாம். பின்னால் டெனாரின் தாடை மேலே தூக்கியிருந்ததை நான் பார்க்கவே இல்லை. மேடையேறும் வரிசைக்கும் பங்கு உண்டு. பெல்ஜியத்தின் எலிசபெத் ராணி இசைப் போட்டியின் முடிவுகளை ஆராய்ந்து 1996-இல் வந்த கட்டுரை, பின்னால் வாசித்தவர்களுக்கு நல்ல இடம் கிடைக்கும் போக்கு இருந்ததைக் காட்டியது. இந்தக் குழு காலையில் இரண்டாவது. அதற்காக இப்போது எதையும் மாற்ற முடியாது.

என்ன செய்தார்கள்

எஃப் மேஜர் பாட்டு இறங்கும், அரை ஸ்வரம் ஏற்றிப் பாடினால் நிற்கும் என்று கொயர் ஆசிரியர்களிடையே ஒரு வழக்கு உண்டு. முதலில் அதைத்தான் செய்து பார்த்தார்கள். பேஸும் சோப்ரானோவும் தெளிந்தார்கள், டெனார் இன்னும் மோசமானார்கள். ஏற்கெனவே எட்டாத எஃபை எஃப் ஷார்ப்பாக்கினால் வேறென்ன நடக்கும்? ஒரு வாரத்தில் பழைய சுருதிக்கே திரும்பினார்கள்.

பலன் கொடுத்தது வேறொன்று. ஆறாம் வரியின் அந்த நான்கு தாளத்தை மட்டும் ஆல்ட்டோவில் மூன்று பேருக்கு மாற்றினார் டீச்சர். நடு சி-க்கு மேலுள்ள எஃப் ஆல்ட்டோவுக்குப் பேசுகிற மாதிரி சுலபம். மகரக்கட்டு உடைகிற இரு பையன்களுக்கும் அதே கார்டில் கீழே இருக்கும் சி-யைக் கொடுத்தார். மீதி மூன்று பேர், எட்டினால் மென்மையாக எஃபைத் தொடலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். எழுதிய ஸ்வரத்தை மாற்றலாமா என்று அவர் தயங்கினார். இசையமைத்தவர் கேட்டது அந்தக் கார்டை. எந்தப் பிள்ளை எந்த ஸ்வரத்தைப் பாடுகிறது என்பது இரண்டாவது விஷயம் என்பது என் எண்ணம்.

பேஸுக்கு அந்த ஏழு சி-களையும் "நூ" என்று மெதுவாக, ஒவ்வொன்றும் முந்தையதைவிட மயிரிழை மேலே இருப்பதாக நினைத்துப் பாடும் பயிற்சி. எட்டாம் வரிக்கு மாறிமாறி மூச்சு வாங்குவது: பக்கத்தில் நிற்பவர் வாங்கும்போது நான் வாங்கக் கூடாது, சொல்லின் நடுவில் வாங்கலாம், சொல் முடிவில் கூடாது.

மறுமதிப்பீடு

ஏழு வாரம் கழித்து அதே அரங்கில், மைக்கை ஏறக்குறைய அதே இடத்தில் வைத்து, மறுபடி பதிந்தோம். மூன்றாம் வரியில் இறக்கம் ஐந்து சென்ட், அதாவது கருவியின் பிழை எல்லைக்குள். ஆறாம் வரியில் இறக்கமே இல்லை. ஒன்பதாம் வரியில் பழையபடி 20. மாற்றி மூச்சு வாங்குவது இன்னும் கைவரவில்லை, இரண்டு பேர் வாங்கினால் அதைக் கேட்டுப் பத்துப் பேர் வாங்கிவிடுகிறார்கள். பியானோ சேர்ந்தபோது இடைவெளி கால் ஸ்வரத்துக்கும் குறைவு. யாரும் கண்ணை மூடவில்லை.

சோப்ரானோவுக்குத் தனியாக எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு இழப்பும் இருந்தது. முதல் பதிவில் இருபத்தேழாம் மெஷரில், சுருதி ஏற்கெனவே முக்கால் பங்கு இறங்கிவிட்ட பிறகு, முழுக்குழுவும் திடீரென்று விரிந்து பாடிய ஒரு வரி இருக்கிறது. அதில் நான்கு தாளம் 38 பேர் ஒரே தொண்டையாகிறார்கள். கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும். இரண்டாவது பதிவில் அந்த வரி சரியாக இருந்தது, சுத்தமாக இருந்தது, சிலிர்க்கவில்லை. பிள்ளைகள் சுருதியை எண்ணிக்கொண்டு பாடினார்கள். முதல் நாள் தாளில் அந்த வரியைப் பற்றி நான் ஒரு சொல்கூட எழுதவில்லை. "பாவம்" என்ற கட்டத்தில் ஓர் எண் இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது என் குறிப்புகளை வேறு மாதிரி எழுதுகிறேன். மெஷர் எண், எந்தக் குரல், காதில் விழுந்தது என்ன, காரணம் என்று நான் நினைப்பது என்ன, அதில் எனக்கு எவ்வளவு உறுதி. மேடைக்கு எதிரே உட்கார்ந்து ஒரு பாட்டுக்கு இப்படி மூன்று குறிப்புக்கு மேல் எழுத முடிவதில்லை. மூன்று போதும். அந்தக் கொயருக்கு இரண்டாவது முறை நான் எழுதிக் கொடுத்த தாளில் இருந்தவை இவை:

"ஒன்பதாம் வரி தொடக்கம், எல்லாக் குரலும்: 20 சென்ட் தளர்கிறது. எட்டாம் வரி மூச்சுதான் காரணம், உறுதியாகச் சொல்கிறேன்."

"நான்காம் வரி முடிவு, சோப்ரானோவும் ஆல்ட்டோவும்: ஐ-யில் இகரம் இன்னும் சிலருக்கு மூன்றாம் தாளத்திலேயே வந்துவிடுகிறது."

"27-ஆம் மெஷர்: போட்டி அன்று நீங்கள் பாடிய பதிவை எல்லோரும் சேர்ந்து ஒரு முறை கேளுங்கள். எப்படிப் பாடினீர்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கும்."

டீச்சர் படித்துவிட்டு மூன்றாவது குறிப்பைக் காட்டி, "இத நான் படிக்க மாட்டேன் சார், அன்னிக்குக் கண்ண மூடிக்கிட்ட அந்தப் பொண்ணே எழுந்து எல்லாருக்கும் படிக்கட்டும்" என்றார்.